யார் செய்த பிழை?

தியானப் பகுதி: யோவான் 9:1–7, லூக்கா 13:1–5



இந்த வாரத் தியானத்தைத் தொடங்கும் முன் உங்கள் முன்னிலையில் ஒரு தவற்றை அறிக்கையிட வேண்டியவனாக இருக்கிறேன். பிரசங்க பீடத்திலிருந்து நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் ஒரு விதவையின் இருதயத்தைக் கீறிற்று. அது தவறான வாக்கியம் என்பதை அறிந்துகொள்வதற்கு வேண்டிய யாவும் அப்போதே என் மேசையின் மேல் இருந்தன. ஆயினும் நான் அதைச் சொன்னேன்.

தஞ்சாவூருக்கும் பாபநாசத்துக்கும் இடையில், குடமுருட்டி ஆற்றின் கரையில் இருக்கிறது எங்கள் சபை. சம்பா அறுவடை முடிந்து தை மாதத்தில் நாங்கள் அறுப்பின் பண்டிகையை ஆசரிக்கிறோம். பீடத்தைச் சுற்றிலும் நெற்கட்டுகளும் வாழைத்தார்களும் பரங்கிக்காய்களும் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் விடப்படும். சென்ற தை மாதப் பண்டிகையில் எங்கள் சபையின் இளம் சகோதரி ஒருவர் சாட்சி சொன்னார். மழலையர் பள்ளி ஆசிரியையான அவருக்கு வயது இருபத்துநான்கு. கடுமையான இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். மூன்றாவது ஆண்டாகவும் பரிசோதனையில் நோயின் சுவடு இல்லை என்று அவர் சொன்னபோது சபையார் எழுந்து நின்று ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். நானும் உள்ளம் பொங்கி, "இந்த மகளுடைய விசுவாசமே இவளைக் காப்பாற்றியது" என்று முழங்கினேன்.

ஏலம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் எழாமல் அமர்ந்திருந்தார். ஓர் ஆண்டுக்கு முன், கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கையில், அவருடைய கணவரை நான் அடக்கம்பண்ணியிருந்தேன். அவரையும் கடுமையான இரத்தப் புற்றுநோயே கொண்டுபோயிற்று. அருகில் சென்றேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா? அந்தப் பொண்ணோட விசுவாசம் அதைக் காப்பாத்துச்சுன்னு சொன்னீங்க. அப்ப எங்க வீட்டுக்காரருக்கு விசுவாசம் பத்தலீங்களா?"

குரலில் கோபம் இல்லை. அவர் உண்மையிலேயே விடை தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. "அப்படியில்லை அம்மா" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அவர்கள் இருவருடனும் நான் மருத்துவமனைக்குப் போய் வந்தவன். மருத்துவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, பின்னர் குடும்பத்தாருக்கு எளிய தமிழில் விளக்குவது என் வழக்கம். நள்ளிரவில் அந்தக் குறிப்பேட்டை எடுத்தேன். இரண்டு நோயாளிகள், இரண்டு பக்கங்கள். அந்த அம்மாவின் கேள்விக்குரிய பதில் என் சொந்தக் கையெழுத்திலேயே அங்கு எழுதப்பட்டிருந்தது. அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் எலும்புகளின் உள்ளிருக்கும் மஜ்ஜை ஒரு நாற்றங்காலைப் போன்றது. அங்கிருக்கும் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், பெருகி முதிர்ந்து சிவப்பணுக்களாகவும் வெள்ளணுக்களாகவும் தட்டணுக்களாகவும் மாறி இரத்தத்தில் சேருகின்றன. கடுமையான இரத்தப் புற்றுநோயில் இந்த முதிர்ச்சி நின்றுபோகிறது. முதிராத அணுக்கள் களைபோல மண்டி நாற்றங்காலை அடைத்துக்கொள்கின்றன. சிவப்பணு குறைவதால் சோர்வு, நல்ல வெள்ளணு குறைவதால் விடாத காய்ச்சல், தட்டணு குறைவதால் இரத்தக் கசிவு ஆகியவை உண்டாகின்றன. 1847ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ இந்நோய்க்கு 'வெள்ளை இரத்தம்' என்று பொருள்படும் லுகேமியா என்ற பெயரைச் சூட்டினார். அதன்பின் நெடுங்காலம், நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றிய நோய்களெல்லாம் ஒரே பெயராலேயே அழைக்கப்பட்டன. பெயர் ஒன்றாயிருந்தும் ஒருவர் சில வாரங்களில் மடிந்தார், மற்றொருவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

விடையின் ஒரு பகுதி ஒரு வீட்டின் உணவு மேசையிலிருந்து வந்தது. சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி என்ற மருத்துவர், நோயாளிகளின் குரோமோசோம் படங்களைக் கத்தரித்துத் தம் வீட்டு மேசையில் அடுக்கிப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று அவருடைய பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அப்படி அடுக்கிப் பார்த்ததிலிருந்தே, குறிப்பிட்ட வகை இரத்தப் புற்றுநோயில் குறிப்பிட்ட இரண்டு குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்கின்றன என்பதை 1970களில் அவர் நிறுவினார். 1977இல் அவரும் உடனுழைத்தவர்களும் அறிவித்த ஒன்று, 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்ளும் வகை. எங்கள் சபையின் அந்த இளம் ஆசிரியைக்கு வந்தது அந்த வகைதான்.

குறிப்பேட்டின் முதற்பக்கத்துக்கு வருகிறேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் அவருடைய ஈறுகளிலிருந்து இரத்தம் கசிந்து நிற்கவேயில்லை. கைகால்களில் அடிபடாமலேயே நீலத் தழும்புகள் தோன்றின. இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர், மரபணுப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல், அன்றிரவே ஒரு மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினார். அது ஆல் டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. இவ்வகை நோயில் முதல் நாட்களின் இரத்தப்போக்கே உயிரைப் பறிக்கும், ஆகையால் ஒரு இரவுகூடத் தாமதிக்கலாகாது என்றார். பின்பு பரிசோதனை அவருடைய ஐயத்தை உறுதிசெய்தது. குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு, இயற்கையில் இல்லாத ஒரு புதிய புரதத்தை உண்டாக்கியிருந்தன. அணுக்கள் முதிர்வதைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்தப் புரதமே. இரண்டாவது மருந்தாக ஆர்செனிக் டிரையாக்சைடு நரம்பு வழியே செலுத்தப்பட்டது. இவ்விரு மருந்துகளும் சேர்ந்து அந்தப் புரதத்தைச் சிதைக்கின்றன. தடை நீங்கியதும் அணுக்கள் முதிர்ந்து இயல்பாக மடிகின்றன. அவருக்கு முடிகூட உதிரவில்லை. குருத்தணு மாற்றும் தேவைப்படவில்லை.

ஆர்செனிக் டிரையாக்சைடு என்பது நம் முன்னோர் வெள்ளைப் பாஷாணம் என்று அழைத்த பொருளே. இதை இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக்கும் முயற்சி 1970களில் சீனாவின் ஹார்பின் நகரில் தொடங்கிற்று. நம் தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஊழியத்திலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மருத்துவர்கள் விக்ரம் மாத்யூஸ், மாமன் சாண்டி முதலானோர் 1998 முதல் 2004 வரை இவ்வகை நோயுடன் புதிதாக வந்த 72 பேருக்கு ஆர்செனிக் ஒன்றையே அடிப்படை மருந்தாகக் கொடுத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் முழுத் தணிவு அடைந்தனர். 2006இல் அந்த முடிவுகள் வெளியானபோது உலகம் கவனித்தது. விலையுயர்ந்த சிகிச்சைக்கு வழியில்லாத ஏழைக்கும் பிழைக்க வழி உண்டு என்பதை அது காட்டிற்று. (மருத்துவர் அளந்து நரம்பில் செலுத்தும் மருந்தைப் பற்றியே சொல்கிறேன். பாஷாணம் கலந்த எதையும் ஒருவரும் தாமாக உட்கொள்ள வேண்டாம்.) ஒரு காலத்தில் இரத்தப் புற்றுநோய்களிலேயே மிக விரைவாகக் கொல்லும் என்று அஞ்சப்பட்ட வகை, இன்று மிக அதிகமானோர் குணமடையும் வகையாயிற்று.

இனி இரண்டாவது பக்கம். அந்த அம்மாவின் கணவர் நாற்பத்துநான்கு வயது விவசாயி, எங்கள் சபைக் கமிட்டியில் இருந்தவர். நடவு நேரத்தில் காய்ச்சல் கண்டு, வயலில் இறங்கினால் கால் தள்ளாடியது. அவருடைய நோயில் குரோமோசோம்கள் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் எஃப்எல்டி3 என்னும் மரபணுவில் ஒரு சிறு பகுதி இருமுறை எழுதப்பட்டிருந்தது. வேதப் பிரதிகளைக் கையால் எழுதிய காலத்தில், கண் தவறி ஒரே வரியை இருமுறை எழுதிவிடுவதுண்டு. அதைப் போன்ற பிழை. அந்த மரபணு, அணு பெருகுவதற்குரிய மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டியபோது திறந்து, போதுமென்றதும் மூடிக்கொள்ள வேண்டிய மதகு, இந்தப் பிழையினால் மூடவே முடியாமல் திறந்து நிற்கிறது. பெரியவர்களுக்கு வரும் கடுமையான மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோயில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தப் பிழை காணப்படுகிறது. முதல் சிகிச்சையில் நோய் தணிந்தாலும் திரும்பி வரும் அபாயம் இதில் அதிகம்.

இக்காலத்தில் இந்நோய் கண்ட ஒருவருக்கு என்ன நேரக்கூடும் என்று கணிப்பதற்கு மருத்துவர்கள் இத்தகைய பிழைகளையே முதலில் தேடுகிறார்கள். ஐரோப்பிய லுகேமியா வலையமைப்பு 2022இல் வெளியிட்ட வகைப்பாடு நோயாளிகளைச் சாதகம், இடைநிலை, பாதகம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. என்பிஎம்1 என்ற மரபணுவில் பிறழ்வு இருந்து எஃப்எல்டி3இல் அந்த இரட்டிப்பு இல்லாவிட்டால் பொதுவாகச் சாதகம். எஃப்எல்டி3 இரட்டிப்பு இருந்தால் இடைநிலை. டிபி53 என்ற காவல் மரபணுவே கெட்டிருந்தால் பாதகம். வயது, உடல்வலிமை, முதல் சிகிச்சைக்குப் பின் மிஞ்சியிருக்கும் நோயின் அளவு ஆகியவையும் கணக்கில் சேரும். சாதக வகையினர் பலருக்கு முதல் தணிவில் குருத்தணு மாற்று தேவைப்படுவதில்லை. மற்ற இரு வகையினருக்கு, உடல் தாங்குமானால், முதல் தணிவிலேயே அதைச் செய்துவிடும்படி மருத்துவர்கள் ஆலோசனை சொல்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விளக்கிய மருத்துவர், இத்தகைய நோயாளிகள் நூறு பேரில் இத்தனை பேர் என்று ஒரு கணக்கைச் சொன்னார். நம் சகோதரர் சற்று நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"டாக்டரம்மா, அந்த நூறு பேருல நான் எத்தனாவது ஆளுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க. அந்தக் கணக்கு நூறு பேரைப் பத்தினது. உங்களைப் பத்தி அதுக்குத் தெரியாது" என்றார் அவர்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் சொன்னார்: "மேட்டூர்ல நூத்திருபது அடி நிக்குதுன்னா டெல்டாவுக்கு நல்ல வருசம்னு அர்த்தம். அதுக்காகக் கடைமடைக்காரன் வயலுக்குத் தண்ணி வந்துருச்சுன்னு அர்த்தமில்லீங்களே ஐயா. அணை கொறைஞ்சாலும் சில வயல் வெளையும்." முன்கணிப்பு என்பது என்ன என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவரும் எனக்கு விளக்கியதில்லை. அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து எந்தப் பயிரை இடுவதென்று முடிவு செய்கிறோம். எந்த வயல் விளையும், எது சாவியாகும் என்பதை அந்த எண் சொல்வதில்லை.

அவர் குருத்தணு மாற்றுக்குச் சம்மதித்தார். ஆறு மா நிலத்தை ஒத்திக்கு வைத்தார். முதலில் ஏழு நாள் ஒரு மருந்தும், அவற்றில் மூன்று நாள் கூடவே இன்னொரு மருந்தும் கொடுத்து நோயைத் தணிவுக்குக் கொண்டுவந்தார்கள். பின்பு உடன்பிறந்தோரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். திசுப் பொருத்தத்துக்குரிய மரபுக்கூறுகளில் பாதி தகப்பனிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருவதால், ஒவ்வோர் உடன்பிறப்பும் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. அக்காள் பொருந்தவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்த தம்பி பொருந்தினார். அவரை மருத்துவமனையார் தனியே அழைத்துப் பேசி, அவருடைய சம்மதம் மனப்பூர்வமானதுதானா என்று கேட்டறிந்தார்கள். முதுகெலும்பில் துளை போடுவார்கள் என்று அஞ்சிக்கொண்டிருந்த அவருக்குச் சில நாட்கள் ஊசி மட்டும் போட்டார்கள். பின்பு கையின் நரம்பிலிருந்து இரத்தத்தை எடுத்து, ஓர் இயந்திரத்தில் குருத்தணுக்களைப் பிரித்துக்கொண்டு, மீதியை அவருக்கே திருப்பிச் செலுத்தினார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு நெடிய பாதை உண்டு. அமெரிக்காவின் டொனால் தாமஸ் 1950களில் தொடங்கி, தோல்விக்குமேல் தோல்வி கண்டும் விடாமல் உழைத்து, 1990இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூரிலும் எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கிற்று. ஆனால் இதன் செயல்முறையை எனக்கு விளக்கியவர் நம் சகோதரர்தான். படுக்கையில் அமர்ந்தபடி சொன்னார்:

"இது நடவுதான் ஐயா. பழைய வேரெல்லாம் அழியற மாதிரி உழுது சேறாக்கணும். அதுக்குத்தான் இந்த மருந்து. அப்புறம் வேற எடத்து நாத்தைக் கொண்டாந்து நடணும். நட்ட அன்னைக்கே பயிர்னு சொல்ல முடியாது. பச்சை பிடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்."

அப்படியே நடந்தது. தம்பியின் அணுக்கள் ஒரு சிறு பையிலிருந்து சாதாரண இரத்தத்தைப் போல நரம்பு வழியே இறங்கின. கத்தி படவில்லை. அவை தாமே வழி தேடி மஜ்ஜையை அடைந்தன. பதினைந்தாம் நாள் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. "பச்சை பிடிச்சிருச்சு ஐயா" என்று தொலைபேசியில் அழுதார். புதிதாக வேரூன்றிய அணுக்கள், ஒளிந்திருக்கும் புற்று அணுக்களை அந்நியமாகக் கண்டு அழிக்கும் என்பதே இச்சிகிச்சையின் பலம். சில வேளைகளில் அவை நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகக் கண்டு தாக்குவது இதன் ஆபத்து. ஈஸ்டர் ஆராதனைக்கு முகக்கவசத்தோடு வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். மண்ணிலிருக்கும் பூஞ்சைக் கிருமிக்கு அஞ்சி, சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்திருந்தார்கள். குறுவை நடவின்போது சாலையோரத்தில் நின்று, மனைவி ஆட்களோடு இறங்கி நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் நோய் திரும்பிற்று. மார்கழியில் மரித்தார்.

இரண்டு பக்கங்களையும் மீண்டும் வாசித்தேன். இருவருக்காகவும் ஒரே சபை ஜெபித்தது. இருவருக்காகவும் நம் வாலிபர்கள் வரிசையில் நின்று தட்டணு கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூடுகையில் இரண்டு பெயர்களும் சொல்லப்பட்டன. விசுவாசத்தை அளக்க எனக்குத் துணிவு வந்தாலும், அந்த விவசாயியின் விசுவாசம் என்னுடையதைவிடச் சிறியது என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு, கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவுக்குள், இரண்டு வெவ்வேறு இடங்களில் நேர்ந்த எழுத்துப் பிழையில் இருந்தது. ஒரு பிழைக்கு மனிதர் மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். மற்றொன்றுக்கு இன்னும் போதிய மருந்து இல்லை. நானோ அந்த வேறுபாட்டை எடுத்து விசுவாசத்தின் கணக்கில் எழுதிவிட்டேன்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் கேட்ட கேள்வியும் இதுவே. இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்றார்கள். இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்க ஆண்டவர் மறுத்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து மடிந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார். துன்பத்தின் அளவைக் கொண்டு பாவத்தையோ விசுவாசத்தையோ கணக்கிடும் அந்த ஏட்டை அவர் மூடிவிட்டார். அறுப்பின் பண்டிகையில் நான் அதை மறுபடியும் திறந்தேன்.

நம் கிராமங்களில் பலர் என்னிடம் கேட்கிறார்கள்: இது குடும்பச் சாபமா? பிள்ளைகளுக்கும் வருமா? பெரும்பாலும் இப்பிழைகள் பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல. வாழ்நாளில், ஏதோ ஓர் அணு இரண்டாகப் பிரியும் வேளையில் நேர்ந்தவை. பென்சீன், கதிர்வீச்சு, புகைபிடித்தல், முன்பு பெற்ற சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுவதுண்டு. பலருக்குக் காரணமே காணக்கிடைப்பதில்லை. பிறழ்வு என்ற சொல்லே தீமை என்று நினைக்கவும் வேண்டாம். நம் டெல்டாவை நிறைத்த ஐஆர்8 நெல்லின் குட்டைத் தண்டு ஒரு மரபணுப் பிறழ்வின் கனி. 1921இல் கோயம்புத்தூரில் வெளியிடப்பட்ட ஜிஇபி 24 நெல்லும் வயலில் தானாக நேர்ந்த பிறழ்விலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதே. உயிரணு தன்னைப் படியெடுக்கும்போது நேரும் மாற்றங்களில் சில நம் தட்டில் சோறாகின்றன. சில நம் மஜ்ஜையில் நோயாகின்றன. ஏன் இந்தச் சகோதரருக்கு இது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அது தண்டனை அல்ல என்பதை மட்டும் அறிந்திருக்கிறேன்.

அப்படியானால் ஜெபம் எதற்கு என்று கேட்பீர்கள். நோய் திரும்பிய செய்தியை மருத்துவர் மறைக்காமல் சொன்ன மாலையில் நான் அவருடன் இருந்தேன். குணத்துக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "அதையும் கேளுங்க ஐயா. ஆனா ஒத்தி நெலத்தை மீக்கற வழியையும், பையன் படிப்பையும் மொதல்ல கேளுங்க" என்றார். அவ்வாறே ஜெபித்தோம். பின்பு தம்பியை அழைத்து, "உன் அணு தோத்துப்போச்சுன்னு நீ நெனைக்கக் கூடாதுடா. எட்டு மாசம் நான் உன் ரத்தத்துல வாழ்ந்தேன்" என்றார். பயம் அவரைவிட்டு முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் அவர் தனியாக இல்லை. கர்த்தர் அந்த அறையில் இருந்தார் என்று நான் சாட்சி சொல்வேன். ஆசிரியையின் வீட்டில் இருந்ததைவிட ஒரு கடுகளவும் குறைவாக அல்ல.

அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று, "சென்ற வாரம் நான் சொன்னது தவறு" என்று சபையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நோய்களின் வேறுபாட்டையும் இங்கே எழுதியவாறே விளக்கினேன். ஆராதனை முடிந்ததும் அந்த இளம் ஆசிரியை என் முன்பாகவே விதவையிடம் சென்று அருகில் அமர்ந்தார். "அக்கா, எனக்கு வந்த வகைக்கு மருந்து இருந்துச்சு. அவ்வளவுதான்க்கா" என்றார். இருவரும் வெகுநேரம் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது நான் செய்த பிரசங்கத்தைவிட நல்ல சாட்சி.

அன்பானவர்களே, சில காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். விடாத காய்ச்சல், காரணமற்ற தழும்பு, நில்லாத இரத்தக் கசிவு ஆகியவற்றை ஜெபத்தோடு மட்டும் நிறுத்திவிடாமல் அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். நோய் உறுதியானால் மரபணுப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையின் திசையே அதைச் சார்ந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று தொடக்கத்திலேயே விசாரியுங்கள். பாதி மட்டும் பொருந்தும் உறவினரிடமிருந்தும் இன்று குருத்தணு மாற்று செய்யப்படுகிறது. ஆகையால் உடன்பிறந்தோர் பொருந்தாவிட்டாலும் மனம் தளராதிருங்கள். நோயாளியின் படுக்கையருகில், "இன்னும் விசுவாசித்தால் குணமாவாய்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதிருங்கள்.

உறவுக்குள் பொருத்தம் கிடைக்காதவர்களுக்காகக் கொடையாளர் பதிவகங்கள் இருக்கின்றன. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி அவற்றுள் ஒன்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுப்பதே பதிவு. நம் மரபினருக்குப் பொருத்தம் நம் மரபினரிடமே கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் நம்முடைய பெயர்கள் அங்கே தேவைப்படுகின்றன. எங்கள் சபை வாலிபர்களில் பதினெட்டு வயது நிரம்பியவர்களிடம் இதைப் பற்றிப் பேசினோம். முதலாவதாகப் பெயர் கொடுத்தவன் அந்த விவசாயியின் மகன். "யாருக்குப் போகும்னு தெரியாதே தம்பி" என்றேன். "சித்தப்பாவுக்குத் தெரிஞ்சு கொடுத்தாரு. எனக்குத் தெரியலைன்னா என்னங்கய்யா?" என்றான்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் உள்ளுறுப்புகளின் எழுத்துகளையெல்லாம் அறிந்தவர் நீரே. பிழைத்தவர்களின் நன்றியை மரித்தவர்களின் வீட்டாருக்கு முள்ளாக்காதபடி எங்கள் நாவைக் காத்துக்கொள்ளும். நுண்ணோக்கியின் முன் உழைப்பவர்களுக்கு வெளிச்சம் தாரும். இன்றிரவு பச்சை பிடிக்குமோ என்று எண்ணிக்கைகளை எதிர்நோக்கிக் காத்திருக்கும் ஒவ்வொரு படுக்கையண்டையிலும் நீரே உடனிரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.